பென்ஸ் சென்னியப்பன் பார்த்த வண்டி

திருப்பூரில் பழைய பென்ஸ் கார் வாங்க நினைத்தவர்கள் சென்னியப்பனிடம் காட்டாமல் வாங்கியதில்லை. இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஐந்து வருடம் அப்படித்தான் நடந்தது. தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துக்குச் சற்று முன்னால் இருந்த அவருடைய தகர ஷெட்டுக்கு வண்டி வந்து நிற்கும். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, சென்னியப்பன் ஸ்பேனரை எடுப்பார். மற்ற மெக்கானிக்குகளைப் போல முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். டிரைவர் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டையே தூக்கி வெளியே வைப்பார்.

"என்ஜினைத்தான் எல்லாரும் கழுவிப் பளபளன்னு வெச்சிருவாங்க. சீட்டுக்கடியில ஆரும் கழுவறதில்லீங்க" என்பார்.

இரண்டு மணி நேரம் பார்ப்பார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்கலாமுங்க" என்பார், அல்லது "வேண்டாமுங்க" என்பார். ஏன் என்று கேட்டால் மட்டும் விவரம் சொல்வார். பார்த்த கூலியை வாங்குகிறவரிடம்தான் பெற்றுக்கொள்வார். விற்கிறவர் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். பெரிய பெரிய பனியன் கம்பெனி முதலாளிகள்கூட அவரை 'பென்ஸ் சென்னியப்பன்' என்றே சொன்னார்கள். அவரிடம் சொந்தமாக இருந்தது ஒரு டிவிஎஸ் 50 மட்டும்.

அவர் பிறந்தது அமராவதி நகர் பக்கம், அணைக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஊரில். அப்பா கரும்புக் காட்டில் கூலிக்குப் போனவர். எட்டாவதோடு படிப்பு நின்று, தாராபுரத்தில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்தார். அதே வாரம் அங்கே சேர்ந்தவர் மோகன்ராஜ். இருவருக்கும் பதினாறு வயது. பட்டறைக்குப் பின்னால் டயர் அடுக்கியிருந்த அறையில்தான் இருவரும் படுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வருடம் சென்னியப்பனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி எழுந்து நடக்க முடியாமல் போனபோது, மோகன்ராஜ்தான் அவரை முதுகில் சுமந்து ஊருக்கு பஸ் ஏற்றினார். இருபது நாள் பக்கத்திலேயே இருந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். வேலைக்கு வரவில்லை என்று பட்டறை முதலாளி அவருடைய கூலியைப் பிடித்துக்கொண்டபோதும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மோகன்ராஜுக்குக் கையைவிட வாய் நன்றாக வேலை செய்தது. அவர் திருப்பூருக்கு வந்து பழைய வண்டி வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார். சென்னியப்பன் கோவையில் பென்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தார். தொண்ணூற்று ஏழில் அவர்கள் இவரை ஒரு மாதப் பயிற்சிக்குப் புனேவுக்கு அனுப்பினார்கள். சென்னியப்பன் தமிழ்நாட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அங்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு வயதான மராத்திக்காரர். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, முதல் நாள் முழுவதும் அவர் கதைதான் சொன்னார். அவர் பேசிய இந்தியைப் பக்கத்திலிருந்த மதராஸ்காரர் ஒருவர் சென்னியப்பனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்று ஒருவர், குதிரை இல்லாமல் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். செய்வதற்குப் பணம் போட்டது அவருடைய மனைவி பெர்த்தா. கல்யாணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தை எடுத்து அவருடைய தொழிலில் கொட்டியவள் அவள். வண்டி தயாரான பிறகும் யாரும் வாங்கவில்லை. கார்ல் பென்ஸ் கூச்ச சுபாவம். வண்டியை ஊருக்கு வெளியே ஓட்டிக் காட்டவே தயங்கினார். 1888ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் விடிகாலையில், புருஷனிடம் சொல்லாமல் பெர்த்தா வண்டியைக் கிளப்பினாள். தன் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்த அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். வழியில் எரிபொருள் தீர்ந்தது. ஒரு மருந்துக் கடையில் துணிக்கறை எடுக்கிற திரவத்தை வாங்கி ஊற்றினாள். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டாள். பிரேக் தேய்ந்துபோனபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி வைத்து அடித்தாள். மேட்டில் ஏறாத இடங்களில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது இறங்கியபின் அம்மா வீட்டிலிருந்து புருஷனுக்குத் தந்தி அடித்தாள். திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் உலகம் அந்த வண்டியை நம்பியது.

"இந்த வண்டியோட பேரு பேப்பர்ல விளம்பரம் போட்டு வந்ததில்ல. ஒரு பொம்பளை ரோட்டுல ஓட்டிக் காட்டி வந்தது" என்று அந்த மராத்திக்காரர் முடித்தாராம்.

சென்னியப்பனுக்கு இந்தக் கதை நெஞ்சிலேயே தங்கிவிட்டது. பிறகு கோவை வேலையை விட்டுத் தாராபுரம் ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டபோது, அங்கே வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். சீட்டைக் கழற்றும்போது சொல்ல ஆரம்பித்தால், திரும்ப மாட்டும்போதுதான் முடிப்பார். மெர்சிடிஸ் என்பது, பிற்பாடு பென்ஸோடு இணைந்த இன்னொரு கம்பெனியோடு வியாபாரம் செய்த ஒருவருடைய மகளின் பெயர் என்பதையும் கூடவே சொல்வார். மோகன்ராஜ் இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்.

சென்னியப்பனின் மனைவி மயிலாள், நெருப்பெரிச்சலில் ரங்காத்தாளின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்தாள். தைத்து வந்த பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டையும் கறையும் இருப்பதை ஒதுக்குகிற வேலை. ரங்காத்தாளின் கணவர் இரண்டாயிரத்து ஒன்றில் மாரடைப்பில் இறந்துவிட்டார். கொழுந்தனார்கள் இரண்டு பேரும் கம்பெனியைத் தங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ரங்காத்தாள் கேட்கவில்லை. பன்னிரண்டு நிட்டிங் மிஷினோடு தானே நடத்தினாள். நான்கு வருடத்தில் ஏஜென்ட் யாரும் இல்லாமல் ஜெர்மன்காரர் ஒருவரிடமிருந்து நேரடியாக ஆர்டர் பிடித்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசி மாதம் அவள் சென்னியப்பனின் ஷெட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, நானும் ஒரு பென்ஸ் வண்டி வாங்கலாம்னு இருக்கறனுங்க. புதுசு வாங்கற அளவுக்கு இன்னும் வரலை. வெளிநாட்டுக்காரரு வந்து எறங்குனா கூட்டியாறதுக்கு ஒண்ணு வேணுமுங்க. அதும் நானே ஓட்டிட்டுப் போயிக் கூட்டியாறோணும்."

"நீங்களே ஓட்டறீங்களா?"

"ஓட்டுவனுங்க. அந்தப் பொம்பளை கதைய மயிலா சொன்னா. மூணு சக்கரத்துல அவ போயிருக்கறா. எனக்கு நாலு சக்கரம் இருக்குதல்லொ?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சென்னியப்பனுக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வண்டி வந்தால் தானே சொல்லியனுப்புவதாகச் சொன்னார். மோகன்ராஜிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர்தான்.

அடுத்த மாதமே மோகன்ராஜ் ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். வெள்ளி நிறம், இரண்டாயிரத்து மூன்று மாடல், ஈ கிளாஸ். பம்பாயில் ஒரு சேட்டு வைத்திருந்தது என்றார். வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றபோது பக்கத்து பெட்ரோல் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

சென்னியப்பன் என்ஜினை ஓட்டிப் பார்த்தார். அதில் குறை இல்லை. கதவைத் திறந்தபோதுதான் புது கார்ப்பெட் வாசனை அடித்தது. இரண்டு வருட வண்டிக்கு எதற்குப் புது கார்ப்பெட்? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். அதுவும் புதிது.

"ஏன் மாப்ளே, கார்ப்பெட்டு, பெல்ட்டெல்லாம் மாத்தியிருக்குது?"

மோகன்ராஜ் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "சேட்டு நாய் வளத்துனான்டா. கன்னுக்குட்டி மாதிரி நாயி. அதைய வண்டியில ஏத்திட்டு லோனாவாலா மலைக்குப் போவானாம். கார்ப்பெட்டெல்லாம் நாத்தம், பெல்ட்டைக் கடிச்சுக் கொதறி வெச்சிருச்சு. மாத்துனாத்தான் எடுப்பேன்னு நாந்தான் சொன்னேன்."

அந்த வருடம் ஆடி மாதம் பம்பாயில் பெய்த மழை சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றதை டிவியில் பார்த்திருந்தார்.

"மழையில நின்ன வண்டி இல்லயே?"

"இது மலபார் ஹில்லு, மேட்டு மேல இருந்த வண்டி மாப்ளே. அங்க எங்கிருந்து தண்ணி வரும்?"

சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்தார். மோகன்ராஜ் அவருடைய தோளில் கை வைத்தார். குரலில் கோபம் இல்லை. மனது நொந்ததுபோல்தான் கேட்டார்.

"என்ன மாப்ளே, என்ற வண்டிக்குமா?"

சென்னியப்பன் நிமிர்ந்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் ரங்காத்தாள் வந்தாள். மோகன்ராஜ் வண்டியைப் பற்றி எதுவுமே பேசவில்லை. "மாப்ளே, அம்மாளுக்கு அந்த பெர்த்தா கதையச் சொல்லு. நீ சொல்லிக் கேக்கோணும்" என்றார். சென்னியப்பனும் சொன்னார். ஊசி, செருப்புத் தைப்பவர், தந்தி, கியர் என்று ஒன்று விடாமல் சொன்னார். ரங்காத்தாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "வாங்கலாமுங்களாண்ணா?" என்றாள்.

"வாங்கலாமுங்க" என்றார் சென்னியப்பன்.

தை மாதம் அந்த ஜெர்மன்காரர் வந்தார். ரங்காத்தாள் கோவை விமான நிலையத்துக்கு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். அவரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், தெரிந்த இங்கிலீஷில் பெர்த்தா கதையைச் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் அந்தக் கதை தெரியும். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டே கருமத்தம்பட்டியைத் தாண்டியபோது, டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. வண்டி ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி இறங்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஜெர்மன்காரரே இறங்கி, கோட்டைக் கழற்றிவிட்டு, ரோட்டோரப் பேக்கரியில் நின்றவர்களோடு சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்.

அவரை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு, ரங்காத்தாள் சென்னியப்பனுக்கு போன் செய்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சென்னியப்பன் யாரையும் உள்ளே விடவில்லை. முதல் வேலையாக டிரைவர் சீட்டின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். போல்ட் சுற்றவில்லை. துரு பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றி, சீட்டைத் தூக்கி, புது கார்ப்பெட்டைக் கிழித்தார். அடியில் இருந்த பஞ்சுப் படுகையில் கறுப்பாகச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் சுரண்டினார். வயர்க் கொத்தின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கதவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை மடங்கிக் கிடந்தது. எந்தச் சாக்கடையிலோ மிதந்து வந்த பை.

நாய் என்று ஒன்று இருந்ததே இல்லை.

மோகன்ராஜின் யார்டு ஊத்துக்குளி ரோட்டில் இருந்தது. சென்னியப்பன் போய்ச் சேர்ந்தபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சென்னியப்பன் உட்காரவில்லை. பேசி முடிக்கும்வரை, யார்டில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒரு கறுப்பு பென்ஸ் நின்றது. அதன் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். கிட்டே போய்ப் படித்தார். 'பென்ஸ் சென்னியப்பன் பார்த்து ஓகே செய்த வண்டி' என்று மஞ்சள் எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்தக் கறுப்பு வண்டியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

மோகன்ராஜ் போனை வைத்துவிட்டு வந்தார். "என்ன மாப்ளே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"சேட்டு வளத்துன நாய்க்கு என்ன பேருடா?"

மோகன்ராஜ் யார்டு ஆட்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சேறுடா. சீட்டுக்கடியில சேறு. நான் கேட்டேன் உன்னைய. மழையில நின்ன வண்டியான்னு வாயத் தொறந்து கேட்டேன்."

"கத்தாதே. ஆளுங்க இருக்கறாங்க."

"இந்த ஸ்டிக்கர் எத்தனை வண்டியில ஒட்டுன?"

"அந்த அம்மா வண்டியோட சேத்து நாலு. நாலும் வித்தாச்சு, இதைய நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றார் மோகன்ராஜ். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார். "எல்லாம் பம்பாய்ல ஏலத்துல எடுத்தது. காய வெச்சு, சுத்தம் பண்ணி, ஓடற மாதிரித்தான் கொடுத்தேன். எல்லாத்துக்கும் என்ன ஆயிரப்போகுது? வண்டி நின்னா பென்ஸ்காரன் பேருதான் கெடும், உனக்கென்ன? அத்தனை வருசமாக் கட்டுன பேரு, ஒரு வண்டியில போயிராது."

"என்ற பேரு?"

மோகன்ராஜ் அவரை நேராகப் பார்த்தார். "நீ பாத்துட்டுத்தானே ஓகே சொன்ன? நான் உன்ற கையப் புடிச்சா வெச்சிருந்தேன்? சீட்டைக் கழட்ட வேண்டியது உன்ற வேலை. நீ கழட்டலை. ஆராச்சும் கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன்."

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார். அடித்துவிடலாமா என்று தோன்றியது. முன்னால் நின்றது அவரை முதுகில் சுமந்து பஸ் ஏற்றிய ஆள். கை எழவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தார். பாதிதான் வந்தது. மீதியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலையே ரங்காத்தாளின் கம்பெனிக்குப் போனார். ஆபீஸ் அறையில் அவளுடைய மூத்த கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. சென்னியப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் சந்தேகப்பட்டது, ஸ்பேனரை எடுத்தது, கீழே வைத்தது என்று எதையும் மறைக்கவில்லை.

"பாத்தியா அம்மிணி, ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிக. பங்கு போட்டுத் தின்னுருக்கறானுக" என்றார் கொழுந்தனார். "பொம்பளைக்கு எதுக்கு பென்ஸுன்னு அன்னைக்கே சொன்னேன்."

ரங்காத்தாள் அவரைப் பேச விட்டாள். பிறகு சென்னியப்பனைப் பார்த்து, "ஆர்டருக்கு ஒண்ணும் ஆகலீங்க. அந்த மனுசன் சிரிச்சுட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"நானே எல்லா வயரையும் மாத்தி, ரிப்பேர் பண்ணித் தாறனுங்க. எத்தனை மாசம் ஆனாலும் சரி, கூலி வேண்டாமுங்க."

"வேண்டாமுங்ணா." அவளுடைய குரல் உயரவில்லை. "நீங்க இனி அதையத் தொட வேண்டாம். வண்டி போனாப் போகுது. இனி ஒரு மிஷின் வாங்கறதுன்னாலும், நூல் வாங்கறதுன்னாலும், ஒருத்தரு நல்லதுன்னு சொன்னா நான் எப்படிங்க நம்பறது? அதையத்தான் எனக்குச் சொல்லுங்க."

சென்னியப்பன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வெளியே வரும்போது செக்கிங் டேபிள்களைக் கடந்துதான் வர வேண்டும். மயிலாள் தலை நிமிராமல் பனியனை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வீட்டில் மயிலாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அத்தனை பேரு வண்டியில சீட்டைக் கழட்டுறீங்க. அதுல மட்டும் ஏனுங்க கழட்டலை?"

"அவன் கேட்டான். என்ற வண்டிக்குமான்னு."

"அப்படிக் கேட்டப்பத்தானுங்க கழட்டியிருக்கோணும்."

அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை. இனி அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்னபோது மட்டும் மறுத்தாள். "நாம ஒண்ணும் திருடலை. நான் எதுக்கு வேலையை உடோணும்?" மறுநாளும் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு பத்து வருடம் அங்கேயே வேலை செய்தாள்.

மற்ற மூன்று வண்டிகளை வாங்கியவர்களைச் சென்னியப்பன் விசாரித்துத் தேடிப் போனார். காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர், சோமனூரில் ஒரு தறி முதலாளி, மூன்றாவது உடுமலையில் ஒரு கான்ட்ராக்டர். வண்டி வெள்ளத்தில் நின்றது என்றும், தான் அதைப் பார்க்கவே இல்லை என்றும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அரிசி ஆலைக்காரர் நன்றி சொல்லி மோர் கொடுத்தார். தறி முதலாளி நம்பவில்லை. பங்கில் ஏதோ தகராறு, அதனால்தான் வந்து காட்டிக்கொடுக்கிறார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கான்ட்ராக்டர் கேட்டைத் திறக்கவே இல்லை. அவருடைய வண்டி ஏற்கெனவே நின்றுபோயிருந்தது.

மோகன்ராஜ் சொன்னது ஒரு விதத்தில் பலித்தது. பென்ஸின் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளத்தில் நின்றால் எந்த வண்டியும் கெடத்தான் செய்யும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடமே திருப்பூரில் இன்னும் நிறைய பென்ஸ் ஓடியது. சென்னியப்பனின் ஷெட்டுக்குத்தான் வண்டி வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் அவர் சீட்டைக் கழற்றும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரும் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு தடவை ஆரம்பித்துப் பார்த்தார். தொப்பி ஊசி வரைக்கும் வந்ததும் தன் குரலே மோகன்ராஜ் குரல் மாதிரி கேட்டது.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு தலைவிரித்து ஆடியது. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஒரு ஜெனரேட்டர் உறுமியது. சென்னியப்பன் ஷெட்டைக் காலி செய்துவிட்டு ஜெனரேட்டர் பழுது பார்க்கக் கிளம்பினார். டீசல் புகையும் இரைச்சலும் நிறைந்த வேலை. யாரும் அவரிடம் கதை எதிர்பார்க்கவில்லை. ஓடினால் சரி. பென்ஸ் சென்னியப்பன் என்ற பெயர் மெல்ல மறைந்து, அவர் ஜெனரேட்டர்காரர் ஆனார்.

அதற்குள் மோகன்ராஜ் அவிநாசி ரோட்டில் கண்ணாடி போட்ட ஷோரூம் திறந்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பல்லடத்திலிருந்து ஒரு டாக்டரம்மா சென்னியப்பனைத் தேடி வீட்டுக்கே வந்தார். பெயர் நிர்மலா. அவருடைய அப்பா முன்பு சென்னியப்பன் பார்த்துச் சொன்ன வண்டி ஒன்றை வாங்கி எட்டு வருடம் ஓட்டியவர். அந்த வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

"ஷோரூம்ல ஒரு பென்ஸ் பாத்தேனுங்க. நீங்க பாத்துச் சொன்னா வாங்கிக்கறேன்."

எந்த ஷோரூம் என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார். உள்ளே தண்ணீர் எடுக்கப் போன மயிலாள் அப்படியே நின்றுவிட்டாள். முடியாது என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அந்த அம்மா அவ்வளவு தூரம் நம்பி வந்திருப்பதைப் பார்த்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மோகன்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். முடிக்குச் சாயம் பூசியிருந்தார். நடுவில் மூன்று வருடம் என்று ஒன்று போகாததுபோல, "வா மாப்ளே" என்றார். சென்னியப்பன் நேராக வண்டியிடம் போனார். சீட்டு, கார்ப்பெட், கதவுகளின் உள்பக்க அட்டைகள் என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றினார். நான்கு மணி நேரம் ஆனது. இந்த முறை மோகன்ராஜ் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாராபுரம் பட்டறை முதலாளி செத்துப்போனது, தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். சென்னியப்பன் குனிந்து வேலை பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வார்த்தையில் சொல்வான், அடுத்த வார்த்தையில் சொல்வான் என்று உள்ளுக்குள் காத்திருப்பது அவருக்கே தெரிந்தது. தப்புப் பண்ணிட்டேன் மாப்ளே என்று ஒரு வார்த்தை. மோகன்ராஜ் நகைக் கடை, மண்டபம் என்று பேசிக்கொண்டே போனார்.

வண்டியில் குறை ஏதும் இல்லை. உண்மையிலேயே நல்ல வண்டி.

அதுவரை ஷோரூம் நாற்காலியில் காத்திருந்த டாக்டரம்மா எழுந்து வந்தார். மோகன்ராஜும் எழுந்தார். சென்னியப்பன் கையைத் துடைத்தார்.

"வண்டி நல்ல வண்டிங்க. தண்ணியில நிக்கலை, அடி படலை. என்ஜினும் சுத்தமா இருக்குது. பத்து வருசம் தைரியமா ஓட்டலாம்."

மோகன்ராஜின் முகம் மலர்ந்தது.

"விக்கற ஆளைப் பத்தி நீங்க கேக்கலை. இருந்தாலும் சொல்லிப்போடறேன். வெள்ளத்துல நின்ன நாலு வண்டிய இவன் என்ற பேரைச் சொல்லி வித்தானுங்க. அதுல ஒண்ணுக்கு நானே வாயத் தொறந்து நல்லதுன்னு சொன்னேன். ரெண்டும் தெரிஞ்சுக்கிட்டு, வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டமுங்க."

ஷோரூமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். திரும்பி வர மாட்டார் என்பது மூவருக்குமே தெரிந்தது.

"நல்ல வண்டிடா அது!" மோகன்ராஜ் கத்தினார். "நல்ல வண்டின்னு நீயே சொன்னயே! அதைய விக்க உடாமப் பண்ணிட்டயேடா! உன்னையத் தூக்கிச் சொமந்ததுக்கு இதுவா?"

சென்னியப்பன் கழற்றிய கடைசிக் கதவு அட்டையை மாட்டி முடித்து, ஸ்குருவை முறுக்கினார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"சொமந்தது நெஜம்டா. அந்த இருவது நாளு இல்லைன்னா, அன்னைக்கே சீட்டைக் கழட்டியிருப்பேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பழிவாங்கிவிட்ட நிம்மதி கொஞ்சமாவது வரும் என்று நினைத்தார். வரவில்லை. ஒரு நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டதுபோல்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நெருப்பெரிச்சலிலிருந்து போன் வந்தது. சாயப் பட்டறை ஒன்றில் ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம், துணி சாய மிஷினுக்குள் சூட்டிலேயே கிடந்து கெடுகிறதாம், உடனே வர வேண்டும் என்றார்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தார்.